மறு: அவர் சொன்ன யோசனை இன்னொருவர் பெயரில் போகிறது
உங்கள் குழுவின் ஒரே கருப்பினப் பெண் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை, அதையே வேறொருவர் சொன்னால் பாராட்டு என்கிறீர்கள். மேலாளராக அங்கேயே குறுக்கிடுங்கள்: "இதை முதலில் சொன்னவர் அவர், அவரே தொடரட்டும்." கூட்டக் குறிப்பில் யோசனைக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரட்டும், ஆண்டு மதிப்பீட்டில் கைகொடுப்பது அதுதான். ஆனால் குறிப்பெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள், முறைவைத்து எல்லோரும் எழுதட்டும்.

சம்பளம், பதவி உயர்வு விவரத்தை மனிதவளத் துறையிடம் நிறுவனம் முழுவதற்கும் கேளுங்கள். பெண்கள் தனி, கருப்பினத்தவர் தனி என்று பிரித்தால் சிக்கல் தெரியாது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்: வெள்ளைப் பெண்களும் கருப்பின ஆண்களும் வேலையில் இருந்ததால், கருப்பினப் பெண்களுக்கு நேர்ந்த பாகுபாடு கணக்கிலேயே வரவில்லை. இனம், பாலினம் இரண்டையும் சேர்த்தே பிரிக்கச் சொல்லுங்கள்.