குயின்சி ஜோன்ஸ் இசையமைப்பாளரா, அரேஞ்சரா?

மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தைச் சொல்லி, அமெரிக்க இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸ் இதில் எது என்று கேட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குழம்பியிருந்தீர்கள். மெட்டைப் போடுபவர் இசையமைப்பாளர்; அந்த மெட்டு எந்த நடையில் போக வேண்டும், எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று அமைப்பவர் அரேஞ்சர். ஒரு பாட்டிலேயே புரிந்துவிடும். 'ஃப்ளை மீ டு தி மூன்' பார்ட் ஹோவர்டின் மெட்டு. முதலில் அது வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டு நடை. 1964இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, கவுன்ட் பேசி என்பவரின் ஜாஸ் குழுவோடு பாடியபோது, ஜோன்ஸ் அதை நான்கு தட்டு ஸ்விங்காக்கினார், அதாவது துள்ளலான ஜாஸ் நடையாக. மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். மெட்டு அதேதான், நடை வேறு. சினாட்ரா மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்பெட்டுகள் புகுந்து பதில் சொல்வதும் அரேஞ்சர் கைவேலைதான். ஜோன்ஸ் தானே டிரம்பெட் வாசித்தவர், சும்மாவா!

அவருடைய சொந்த இசை வேண்டுமென்றால் 'தி பான்புரோக்கர்' படத்தின் பின்னணி இசையைக் கேளுங்கள். பாரிஸில் இசை ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் படித்தது வீண்போகவில்லை என்று தெரியும். அப்புறம் நீங்கள் சொன்ன 'திரில்லர்', அதில் அவர் தயாரிப்பாளர், அதாவது ஆல்பம் உருவாவதை மேற்பார்த்தவர். அது மூன்றாவது வேலை.