டெல்லி நைட் டூட்டிக்கு வரும் தங்கச்சிக்கு

டெல்லியில் தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, நைட் டூட்டி நிறைய வருமாம், எங்கே ரூம் பார்ப்பது, சம்பளம் எவ்வளவு கேட்பது, மனசு தாங்குமா என்று கேட்டிருக்கிறாய். சம்பளம் பெரிய கதை. உச்ச நீதிமன்ற உத்தரவில் அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸ் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. உனக்குச் சொல்லும் தொகையை நீ எழுத்தில் வாங்கிக்கொள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதே.

ரூம்தான் முக்கியம். முனிர்க்கா, யூசுஃப் சராய் பக்கம் மலிவு என்று புரோக்கர் மொட்டை மாடியில் ஒற்றை ரூம் காட்டுவான். வேண்டவே வேண்டாம். நான் வந்த புதிதில் வேறு வழியில்லாமல் அப்படி ஒன்றில்தான் இருந்தேன், மே மாத வெயில், 45 டிகிரி, காலையில் வந்து படுத்தால் பதினோரு மணிக்கெல்லாம் மேல்தளம் கொதிக்கும், கூலரில் தண்ணீர் தீர்ந்திருக்கும், அதற்குள் வீட்டுக்காரம்மா துணி காயப்போட வந்து, இவள் பகலெல்லாம் தூங்குகிறாள் என்று பக்கத்து மாடிக்கு இந்தியில் சொல்லுவாள். புரியாதவரை நிம்மதியாக இருந்தது! ராத்திரி டூட்டியில் ஒரே மருந்துச்சீட்டை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கும். அதனால் கீழ்த்தளமோ நடுத்தளமோ பாரு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடு, விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ குடிக்காதே. ஊரிலிருந்து பகலில் போன் பண்ண வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு, கோபித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது டபுள் டூட்டி, ஒரு ஷிஃப்ட் முடிந்த கையோடு இன்னொன்று. ஆள் வரவில்லை, இன்று மட்டும் பாரு என்பார்கள். நம் பிள்ளைகள் முடியாது என்று சொல்ல வாய் வராமல் நின்றுவிடும். மலையாளப் பெண்கள் அப்படியில்லை, ஒருத்திக்கு ஒன்றென்றால் நாலு பேர் இன்சார்ஜ் முன்னால் போய் நிற்பார்கள். நம்மவர்கள் இங்கே இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திர் வாசலில் சாம்பார் சரியில்லை என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஊசி கையில் குத்துவதும் அந்த இரண்டாவது ஷிஃப்ட் கடைசியில்தான். குத்தினால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவு, உடனே எழுதிக்கொடு. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் கொடுக்க மாட்டார்கள். திட்டுவார்களோ என்று மறைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மனசு தாங்குமா என்றால், தூக்கமும் லீவும் இருந்தால் தாங்கும். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் ஆள் ஓய்ந்துபோவதை, நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தில் சமாளிக்கப்படாத அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. உனக்குத் தைரியம் போதாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு. நோயாளிகள்மேல் எரிச்சல் வந்துகொண்டே இருந்தால், டூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகை வந்தால், அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடு. இலவசம், தமிழிலும் பேசலாம்.

இந்தி தானாக வந்துவிடும். இன்று நான் ஆட்டோக்காரனிடம் சண்டையே இந்தியில்தான் போடுகிறேன். ஸ்வெட்டர் கொண்டு வரவா என்று கேட்டாயே, ஊரில் வாங்குவது இந்தக் குளிருக்குக் காணாது. வந்ததும் சரோஜினி நகரில் வாங்கிக்கொள்ளலாம், திங்கட்கிழமை மட்டும் போகாதே, கடை அடைப்பு.