மனித உரிமை போர்டு மாட்டிய காரை நம்பி இன்னும் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பம் எங்களுடையது. நூல் திருடியதாகத் தறி முதலாளி புகார் சொல்லி, என் தம்பியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளங்காலிலேயே அடித்து, ஞாயிறு காலையில் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. பயத்தில் ஜி.ஹெச்.சில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டோம். பத்து மாதம் ஆகிறது. காரில் 'மனித உரிமை' என்று போர்டு மாட்டிய ஒருவர் 12,000 ரூபாய் வாங்கி, டெல்லி, சென்னை, முதல்வர் தனிப்பிரிவு எல்லாவற்றுக்கும் மனு போட்டுவிட்டதாகச் சொல்கிறார். விசாரணை வர இன்னும் 20,000 கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மிணி. மனித உரிமை ஆணையத்தில் மனு கொடுக்கக் கட்டணமே கிடையாது. ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே வெள்ளைத்தாளில் எழுதலாம். ஆணையம் அடையாள அட்டை கொடுத்து ஊர் ஊராக மனு வாங்க யாரையும் அனுப்புவதில்லை. திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நம் பக்கம் எங்கே போனாலும் இந்த மாதிரி போர்டு கண்ணில் படுகிறது. உண்மையாக உழைக்கிற அமைப்புகளின் பெயரையும் இவர்கள் கெடுக்கிறார்கள்.

உங்களுக்கு இப்போது முக்கியம் நாள் கணக்கு. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. உங்களுக்கு இருப்பது இரண்டு மாதம். கலெக்டருக்கும் முதல்வர் தனிப்பிரிவுக்கும் போட்ட மனு இந்தக் கணக்கை நிறுத்தி வைக்காது. இது தெரியாமல் 'மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற பேச்சை நம்பி வருடத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'எல்லா இடத்துக்கும் போட்டாச்சு' என்கிறாரே, அது உங்களுக்குப் பலம் இல்லை, ஆபத்து. ஒரே சம்பவம் மாநில ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம் அதைத் தொடாது. டெல்லி ஏற்கெனவே விசாரிக்க ஆரம்பித்திருந்தால் சென்னை தொடாது. மகளிர் ஆணையம் மாதிரி சட்டப்படி அமைந்த வேறு ஆணையம் கையில் எடுத்திருந்தாலும் இதே கதைதான். இரண்டு இடத்திலும் போட்டால், 'அங்கே இருக்கிறது' என்று இங்கேயும், 'இங்கே இருக்கிறது' என்று அங்கேயும் முடித்துவிட வாய்ப்புண்டு. முதல்வர் தனிப்பிரிவும் கலெக்டர் ஆபீஸும் ஆணையம் அல்ல. அங்கே மனு கிடப்பதால் உங்களுக்குத் தடை எதுவும் வராது. ஆகவே முதலில் தெரிய வேண்டியது, அந்த ஆள் உண்மையில் எந்த ஆணையத்தில் மனு போட்டார், பதிவு எண் என்ன என்பதுதான். மனுவின் நகலையும் தபால் ஒப்புகை அட்டையையும் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால், பெரும்பாலும் மனுவே போயிருக்காது. இந்த வாரமே உங்கள் தம்பி பெயரில், சென்னையில் உள்ள மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை போயிருந்தால், அதில் யார் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்காக வேறு ஒருவர் மனு கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வசதியைத்தான் இவர்கள் பிழைப்பாக்கிக்கொள்கிறார்கள். தன் முகவரியைப் போட்டுக்கொண்டால் சம்மன் அவருக்குத்தான் போகும். அப்புறம் எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி, உங்களுக்குத் தெரியாமலேயே 'சமரசம்' ஆகிவிடும். உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் கொடுத்து, கடிதங்கள் இனி இங்கேதான் வர வேண்டும் என்று பதிவு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது? நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், யார் சாப்பாடு கொண்டுபோனது, ஸ்டேஷன் வாசலில் யார் காத்திருந்தது, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியது, எல்லாம் வரட்டும். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 'விசாரணைக்குத்தான் கூட்டி வந்தோம்' என்று சொல்லி இரண்டு ராத்திரி உள்ளே வைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னதை மறைக்காதீர்கள். பயந்து அப்படிச் சொன்னோம் என்று எழுதிவிடுங்கள். ஏ.ஆர். காப்பி, அதாவது காயங்களை டாக்டர் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். இரண்டு உள்ளங்காலும் வீங்கியிருந்ததாக டாக்டர் குறித்திருந்தால் அதுவே பெரிய சாட்சி. வண்டியிலிருந்து விழுகிறவனுக்கு முழங்கையும் முட்டியும் சிராய்க்கும். செருப்பு போட்ட இரண்டு காலின் அடிப்பக்கமும் ஒரே மாதிரி வீங்காது.

சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லி மனுவிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், குறைந்தபட்சம் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. 'கேமரா ரிப்பேர்' என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆணையம் வெறும் பரிந்துரைதானே செய்யும் என்று அந்த ஆளே பயமுறுத்துவார். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இவ்வளவுக்கும் உங்களை அலைய விடுகிற அமைப்பின் மேல் எனக்குக் கோபம் உண்டு. போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், மாநில அளவில் ஓய்வுபெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டு, மாநிலத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்டத்துக்குக் கலெக்டரையும் உட்கார வைத்தது. போலீஸை நிர்வகிக்கிற துறையே போலீஸ் மீதான புகாரையும் விசாரிக்கும் என்றால் தறிக்காரன் எங்கே போவான்? சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1997-ல். அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்புறுதி செய்து, தனிச் சட்டம் கொண்டுவர இன்றுவரை மனம் வரவில்லை. இந்த ஓட்டைகளில்தான் போர்டு மாட்டிய கார்கள் ஓடுகின்றன.

துணைக்கு வக்கீல் வேண்டுமென்றால் திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கொடுத்த 12,000-க்கு ரசீதோ ஜிபே பதிவோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். மோசடிப் புகாரை அதே ஸ்டேஷனில் கொடுக்க வேண்டாம், மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆனால் முதலில் ஆணையத்து மனு போகட்டும், இது அதற்கு அடுத்த வாரம் போதும்.