கல்லூரி காட்டும் விருதுப் பட்டியலை எப்படிப் படிப்பது?

மதுரையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். நீங்கள் பார்த்துவந்த இரண்டு கல்லூரிகளில் ஒன்று, தாங்கள் வாங்கிய கட்டடக்கலை விருதுகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. கட்டணமும் அங்கேதான் அதிகம். அந்த விருதுகளை நம்பிப் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். அதை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பட்டியலைத் தூக்கியும் போட்டுவிடாதீர்கள். உங்கள் மகள் உட்கார்ந்து படிக்க வேண்டிய காகிதம் அது.

முதலில், ஒவ்வொரு விருதுக்கும் நேரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் தன் சொந்த அலுவலகத்தில் வடிவமைத்த வீட்டுக்கு வாங்கிய விருது என்றால், அது அவருக்குப் பெருமை. அவர் வாரத்தில் எத்தனை நாள் மாணவர்கள் வடிவமைப்புப் பழகும் ஸ்டூடியோ வகுப்புக்கு வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்கள் வாங்கியவை என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். 1957-இல் தொடங்கிய நாசா இந்தியா என்கிற கட்டடக்கலை மாணவர் சங்கம் ஆண்டுதோறும் போட்டிகள் நடத்துகிறது. அதில் லூயி கான் கோப்பை என்று ஒன்று உண்டு. பழைய ஊர்களின் வீடுகளையும் தெருக்களையும் அளந்து வரைந்து ஆவணமாக்கும் போட்டி அது. அதில் ஒரு கல்லூரி அடிக்கடி பெயர் வாங்குகிறது என்றால், அங்கே மாணவர்கள் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். இறுதியாண்டில் செய்யும் தீசிஸ் என்கிற வடிவமைப்பு வேலைக்கு, கட்டடக்கலைப் படிப்பை ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் தரும் தேசிய விருதும் அப்படித்தான். அது மாணவர் தனியாகச் செய்த வேலைக்குக் கிடைப்பது.

அப்புறம், பெரியவர்கள் வாங்கும் விருதுகள். 1917-இல் தொடங்கிய இந்தியக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தமிழ்நாட்டுக் கிளை விருதுகள் தருகிறது. ஜே.கே. சிமென்ட் நிறுவனம் 1990 முதல் விருதுகள் கொடுத்து வருகிறது. இவற்றை வாங்கியவர்களின் பட்டியலை உங்கள் மகள் வேறொரு காரணத்துக்காகச் சேர்த்துவைக்க வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் ஏறத்தாழ ஒரு செமஸ்டர் முழுக்க ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். எங்கே போவது என்று நான்காம் ஆண்டில் திண்டாடும் பிள்ளைகள் நிறைய. நம் ஊர்க் காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி கட்டுகிறவர்கள் யார் என்று இப்போதிருந்தே குறித்துவைத்தால், அந்த நேரத்தில் தயங்காமல் விண்ணப்பம் அனுப்பலாம்.

விருதின் தரத்தை எப்படி அறிவது? நான் முதலில் பார்ப்பது, யாராவது நேரில் போய்க் கட்டடத்தைப் பார்த்தார்களா என்பதை. மூன்றாண்டுக்கு ஒருமுறை தரப்படும் ஆகா கான் என்கிற சர்வதேசக் கட்டடக்கலை விருதை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். அதற்குக் கட்டடம் குறைந்தது ஓராண்டாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நிபுணர்கள் போய்ப் பார்த்து அறிக்கை தருவார்கள். கட்டியவர்கள், கட்டச் சொன்னவர்கள், கைவினைஞர்கள் எல்லோரையும் அந்த விருது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தூரில் ஆர்க்கிடெக்ட் பால்கிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பு 1995-இல் அதைப் பெற்றது. முழு வீட்டையும் கட்டிக் கொடுக்காமல், அடித்தளமும் தண்ணீர், கழிப்பறை வசதியும் தந்து, மீதியை அவரவர் கைக்காசுக்கு ஏற்பக் கட்டிக்கொள்ள விட்ட திட்டம் அது. போட்டோவில் பார்த்தால் சாதாரணத் தெரு மாதிரிதான் தெரியும். அதன் அருமை அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மாறாக, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் விருதுகளும் உண்டு. பட்டியலில் யாரும் கேள்விப்படாத பெயர்கள் நிறைய இருந்தால், நடுவர்கள் யார் என்று கல்லூரியிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

விடுமுறையில் மகளை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போங்கள். பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்களை அகற்றி, பழைய மழைநீர் வழிகளைச் சீர்செய்த திருப்பணிக்காக அந்தக் கோயில் 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. சாமி கும்பிட்ட கையோடு, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் கோச்சடையிலும் பார்க்க வேண்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. இலங்கையின் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பழைய மதுரை கிளப் இப்போது ஹெரிட்டேஜ் மதுரை விடுதிக்குள் இருக்கிறது. பாவா முதலில் வக்கீல். 38 வயதில்தான் ஆர்க்கிடெக்ட் ஆனார். இன்று அவர் பெயரிலேயே இலங்கைக் கட்டடங்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை விருது தருகிறார்கள். ஒரு காபி குடித்துவிட்டு, நிழல் எங்கே விழுகிறது என்று அவளை ஒரு தாளில் வரைந்து வரச் சொல்லுங்கள். அலுக்காமல் வரைகிறாளா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆரம்ப வருடங்களில் ஐடி வேலை அளவுக்கு வராது. விருது வாங்கிய அலுவலகங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். அதனால்தான் அதிகக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவதில் நான் தயங்குகிறேன்.

கடைசியாக, விருதுகளையெல்லாம் விட முக்கியமானது: அந்தக் கல்லூரியின் பி.ஆர்க் படிப்புக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் ஒப்புதல் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். பி.ஆர்க் சேர்க்கைக்கான நாட்டா நுழைவுத் தேர்வுக்கு அவள் விண்ணப்பித்துவிட்டாளா என்றும் கேளுங்கள். பிறகு இரண்டு கல்லூரிகளுக்கும் போய், போன வருட தீசிஸ் வரைபடங்களைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், கட்டணத்தை அப்போது ஒப்பிட்டுப் பேசுவோம்.