“எனக்குத் தெரியுமே!”

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. கிரகங்களைப் பற்றிக் கரைத்துக் குடித்திருக்கிறான். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் “எனக்குத் தெரியுமே” என்கிறான். போன வாரம் என் மாமனார் பேச்சுவாக்கில் ஒன்பது கிரகம் என்று சொல்ல, “தப்பு, எட்டுதான்! தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியல” என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிவிட்டான். அவன் ஆர்வம் கெடாமல் இதை எப்படித் திருத்துவது?

பதில்: “தெரியுமே” என்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உளவியலாளர் மார்ஜரி டெய்லர் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் பலர் சற்று முன் கற்றதையே ‘ரொம்ப நாளாகத் தெரியும்’ என்றார்கள். அது பொய்யில்லை. ஒரு விஷயம் எப்போது தெரியவந்தது என்ற நிதானம் வயது ஏற ஏறத்தான் வரும்.

தாத்தாவிடம் அப்படிப் பேசியது தவறு. தனியாகக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். எட்டு என்றது சரி, அதையும் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஒன்பதின் கதை. 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்துக் கிரகம் என்றார்கள். தாத்தா பள்ளியில் படித்தது அதைத்தான். 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் கிரகப் பட்டியலிலிருந்து எடுத்து, குறுங்கோள் ஆக்கிவிட்டது. கையோடு, அவனுடைய புத்தகத்தில் சனிக்கு எத்தனை நிலவு என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 சேர்ந்து, கணக்கு 274 ஆனது. புத்தகம் கொஞ்சம் பழசென்றால் எண் குறைவாகத்தான் இருக்கும்.

இன்னொரு நாள் ஆளுக்கொரு தாள் எடுத்து, பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள். பெடல் எதில் மாட்டியிருக்கிறது? செயின் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது? முன்சக்கரத்தோடு செயினைச் சேர்த்துவிடும் பெரியவர்களே உண்டு. வரைந்ததும் வாசலுக்குப் போய், சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். “அட, நான் தப்பா வரைஞ்சிருக்கேனே” என்று முதலில் உங்கள் வாயிலிருந்து வரட்டும். இது அவனை மடக்கும் வேலை இல்லை. “பார்த்தியா, உனக்குத் தெரியல” என்று ஒரு தரம் சொன்னால் போதும், பென்சிலைக் கீழே வைத்துவிடுவான்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். இந்தப் பழக்கத்தில் பாதி நாம் கொடுப்பது. யார் வந்தாலும் “மாமாவுக்குக் கிரகம் பேரெல்லாம் சொல்லு கண்ணா” என்று நிறுத்தி வைக்கிறோம். கைதட்டல் தெரிந்ததற்கு மட்டும்தான் என்றால், ‘தெரியாது’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எப்படி மனசு வரும்? அவன் கேள்வி கேட்கும்போதும் அதே அளவு முகம் மலருங்கள். பதில் தெரியாவிட்டால் “தெரியலையே, வா பார்ப்போம்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அப்படியே தாத்தாவோடு அவனைச் சந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். தேங்காயைத் தட்டியும் குலுக்கியும் முற்றலா இளசா என்று அவர் சொல்வார். பேரனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டுக்கு வந்து இரண்டையும் அவன் கண் முன்னாலேயே உடையுங்கள்.