மோஷன் சென்சாருக்கு எந்த வயர், எந்த கரண்ட்?

திருநெல்வேலி பக்கம் வீடு கட்டுற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: அடுத்த வாரம் பூச்சு வேலை, ஹால், மாடிப்படி, பாத்ரூம்னு எட்டு இடத்துல ஆள் வந்தா லைட் எரியணும், எந்த சென்சார் வாங்கலாம், ஒவ்வொண்ணுக்கும் தனி அடாப்டர் வைக்கணுமா?

தனித்தனி அடாப்டர் வேண்டவே வேண்டாங்க. திருட்டு அலாரத்துக்குப் போடுற 12 வோல்ட் பிஐஆர் சென்சார் (உடம்புச் சூட்டை வச்சு அசைவைக் கண்டுபிடிக்கிறது) வாங்குங்க, ஒண்ணு 15 மில்லிஆம்ப் கிட்டதான் இழுக்கும், எட்டும் சேர்ந்தா 120தான். சென்சாரைப் பாத்து லைட்டைப் போடுற சின்ன கம்ப்யூட்டர் மாதிரியான இஎஸ்பி32 போர்டையும் சேர்த்து 300 மில்லிஆம்புக்குள்ள முடிஞ்சுரும், அதனால சார்ஜர் வச்ச ஒரே 12 வோல்ட் சப்ளையும் ஒரு 7 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியும் போதும், ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாட்டியும் ஓடும்.

வயர்லதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க. இன்டர்நெட்டுக்குப் போடுற கேட்6 கேபிள் தாராளமா போடலாம், ஆனா கடையிலயே ஒரு கம்பியை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், மேல மட்டும் செம்பு முலாம், மடக்கி மடக்கி நிமித்தினா சீக்கிரமே ஒடிஞ்சுடும், சுவத்துக்குள்ள ஒடிஞ்சா அப்புறம் என்ன பண்ணுவீங்க? நல்ல செம்புன்னா 25 மீட்டர் போய் வந்தாலும் 3.5 ஓம் பக்கம்தான், ஒரு சென்சாருக்கு 0.05 வோல்ட்தான் குறையும், அதுக்காக தடிமனான வயர் தேட வேண்டாம். ஒவ்வொரு சென்சார்லருந்தும் தனி கேபிள் நேரா பேனலுக்கு (போர்டும் பேட்டரியும் இருக்கிற பெட்டி) வரட்டும், 230 வோல்ட் போற பைப்புல மட்டும் சேர்த்து விட்றாதீங்க.

சென்சார் உள்ள என்சின்னு (நார்மலி குளோஸ்டு) போட்ட ரெண்டு முனை இருக்கும், அது வெறும் சுவிட்ச் மாதிரி, சும்மா இருக்கறப்ப மூடியிருக்கும், ஆள் அசைஞ்சா திறக்கும். அதை போர்டோட இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல கொடுங்க, வயர் எங்கயாவது அறுந்தாலும் உடனே தெரிஞ்சுடும். இன்புட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல ஒரு 4.7 கே ரெசிஸ்டர் போட்டா நீள வயர்ல வர்ற இரைச்சல் அடங்கிரும். 12 வோல்ட்டை இன்புட் பின்ல தொடவே விடாதீங்க, போர்டு போயிரும்.

ஒரு விஷயம் நம்ம ஊருக்குன்னே சொல்லணும். பிஐஆர் பாக்கறது உடம்புச் சூட்டுக்கும் ரூம் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், மே மாசம் ரூமே 36 டிகிரி இருந்தா அது மந்தமாயிடும், அதனால டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (ரூம் சூட்டுக்கேத்த மாதிரி தானே சரி பண்ணிக்கிற வசதி) உள்ளதா கேட்டு வாங்குங்க. ஆள் நேரா எதிர்ல வர்றதைவிட குறுக்க நடந்தாதான் நல்லா பிடிக்கும், படிக்கட்டுல அதுக்கேத்த மாதிரி மூலையில 7 அடி உயரத்துல வைங்க. லென்ஸ் மேல பல்லி ஊர்ந்தாலும் லைட் எரியும், பல்லியோ பூச்சியோ சென்சாருக்குள்ள போயிடாம பின்னாடி கேபிள் வர்ற ஓட்டையை சிலிகான் வச்சு அடைச்சுடுங்க.

படிக்கிற ரூம்ல அசையாம உக்காந்திருந்தாலும் லைட் அணையக்கூடாதுன்னா ரேடியோ அலையால ரொம்ப சின்ன அசைவையும் பிடிக்கிற எம்எம்வேவ் ரேடார் சென்சார்தான் சரி. ஆனா சீலிங் ஃபேன் சுத்துறதையும் அது ஆளுன்னு நினைச்சுக்கும், ஃபேனைப் பாக்காத மாதிரி திருப்பி வைக்கணும். அதுக்கு 5 வோல்ட் வேணும், பேனல்லருந்து 12 வோல்ட்டாவே அனுப்பி அங்க ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர்ல குறைச்சுக்குங்க.

பூசறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேபிளோட ரெண்டு முனையிலயும் நம்பர் ஒட்டி, மல்டிமீட்டர் வச்சு பாத்து, சுவத்தை போட்டோ எடுத்து வச்சுக்குங்க.