அப்பப்பாவின் சிவில் சேவையும் உங்கள் பரீட்சையும்

கேள்வி: நான் பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நிர்வாக சேவைப் பரீட்சை எழுத விருப்பம். ஓய்வுபெற்ற கிளார்க்கரான அப்பப்பாவோ, “சிவில் சேர்விஸ் 63 ஓட செத்துப்போச்சு, இப்ப மந்திரிமாருக்கு ஃபைல் காவுற வேலைதான்” என்கிறார். படிக்கவா, விடவா?
- வாசகி, கோப்பாய்

பதில்: படியுங்கோ, தங்கச்சி.

அப்பப்பா சொல்வதில் பாதி சரி. 1963 மே மாதம் சிவில் சேவையைக் கலைத்து, டி.ஆர்.ஓ. எனப்பட்ட பிரிவு இறைவரி உத்தியோகத்தர்களையும் சேர்த்துத்தான் நிர்வாக சேவையை உருவாக்கினார்கள். 1972 அரசியலமைப்பு அரச ஊழியரின் நியமனத்தையும் இடமாற்றத்தையும் அமைச்சரவையின் கையில் கொடுத்தது. 2001 இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் அதை மீட்கப் பார்த்தது. அதன்பின் ஏற்றமும் இறக்கமும்தான்.

ஆனால் அவர் ஏங்குகிற காலம் யாருடையது? 1829 இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரச நிர்வாகக் கந்தோருக்கு, வந்த வெள்ளைக்கார அதிகாரி டைக் துரை 1867 இல் சாகும்வரை வடக்கின் ராசா மாதிரித்தான் இருந்தார். கீழே மணியகாரர், உடையார், விதானையார் என்று ஊர் அதிகாரிகள். ஊர் மனுசி ஒருத்தியின் முறைப்பாடு துரையின் காதுக்குப் போவதென்றால் கச்சேரி முதலியாரின் வாய்வழியாகத்தான். போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து அந்தச் சேவைக்குள் முதலில் நுழைந்த இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். அது 1875 இல்தான்.

அப்பப்பாவின் கசப்பு வேறெங்கிருந்தோ வரலாம். 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களம் படிக்க மறுத்தும் முடியாமலும் வேலையை விட்டவர்கள் எத்தனை வீடுகளில்! ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள்.

கச்சேரியின் அதிகாரத்தில் பெரும்பங்கு 1992 சட்டத்தோடு பிரதேச செயலாளரிடம் இறங்கிவிட்டது. கிழவர்கள் இன்னும் ‘ஏ.ஜி.ஏ. (உதவி அரசாங்க அதிபர்) கந்தோர்’ என்கிற அதே இடத்துக்குத்தான். காணி விசாரணை நடக்கும் காணிக் கச்சேரி நாளில் பார்த்திருப்பீர்கள்: இடம்பெயர்ந்தபோது காணி அனுமதிப்பத்திரம் பெட்டியோடு போய்விட்டது என்று ஓர் அம்மா நிற்பார், கையில் கிராம சேவகரின் கடிதம் மட்டும். பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுக்க உங்களால் முடியும். முடிவெடுத்துக் கையெழுத்து வைக்க முடியாது. அந்தக் கையெழுத்துக்காகத்தான் படிக்கச் சொல்கிறேன், வாகனத்துக்கும் மரியாதைக்கும் அல்ல.

ஒன்று, இது நாடளாவிய சேவை. முதல் நியமனம் மொனராகலையிலும் கிடைக்கலாம், ஆகவே சிங்களத்தை இப்போதே தொடங்குங்கள். சேவைக்காலம் போதுமென்றால் திறந்த பரீட்சையோடு, ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையையும் பாருங்கள். வயதெல்லையை வர்த்தமானியில் நீங்களே வாசியுங்கள். ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்ப வேண்டாம்.